ஆமென் எவ்வளவு நீளம்

மாஸ்டர் என்று எல்லோரும் அவரைக் கூப்பிட்டதுதான் வினையாகப் போயிற்று. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற எல்லோருக்குமே மாஸ்டர் என்றுதான் பெயர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி, எதிரே வரும் லாரிக்கு நேராக வண்டியை விடுகிறவர்களிடம் "பரவாயில்ல, நிதானமா திருப்புங்க" என்று சொல்வது அவர் தொழில். குரலை உயர்த்தி அறியாத மனிதர். ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர், வீட்டிலிருந்து நடந்தே போகலாம் என்ற ஒரே காரணத்துக்காக மனைவியோடு ஒரு கிறிஸ்தவச் சபைக்குப் போனார்.

பின்வரிசையில் நின்று பாடினார். கனமான, சுத்தமான குரல். ஆராதனை முடிந்ததும் போதகர் தேடி வந்து அவருடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"அருமையான குரல் தம்பி. என்ன வேலை பாக்கறீங்க?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி முந்திக்கொண்டாள். "இவர் மாஸ்டருங்க."

போதகரின் கண்கள் கலங்கின. "கர்த்தர் கேட்டுட்டார். பாடகர் குழுவுக்கு ஒரு தலைவர் வேணும்னு காலையிலதான் ஜெபிச்சேன்."

தான் எந்த வகை மாஸ்டர் என்று அவர் விளக்குவதற்குள் சபையார் கைதட்டி முடித்துவிட்டார்கள். முந்தைய தலைவரான பூகோள ஆசிரியரும் எழுந்து நின்று தட்டினார். கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் திரும்ப முடியாமல் சுவரைப் பார்த்துத் தட்டினார்.

"கழுத்துக்கு என்னங்க ஆச்சு?" என்று மாஸ்டர் கேட்டார்.

"வாசப்படியில தவறிட்டேன்" என்றார் பூகோள ஆசிரியர் சுவரிடம். "நீங்களும் பாத்து இருந்துக்குங்க."

போகும்போது மாஸ்டர் அந்த வாசற்படியைப் பார்த்தார். முழங்கால் உயரம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "எனக்குச் சுரமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. முடியாதுன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"நான் கீபோர்டு வாசிக்கிறேன். நீங்க முன்னால நின்னு கையை ஆட்டுனா போதும்" என்றாள் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு வாசித்தவள். அதற்குப் பிறகு விரல்கள் மாத்திரை எண்ணத்தான் பயன்பட்டன. அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் அல்ல. அதனால் அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் ஒத்திகையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பாட்டு நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் ஆமென் வந்தது. பாதிப் பேர் அதை வெடுக்கென்று முடித்தார்கள். மீதிப் பேர் மூச்சு தீரும்வரை இழுத்தார்கள். இழுத்து முடித்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, முடித்தவர்களைப் பார்த்தார்கள். பிறகு கெட்டி அட்டை போட்ட பாட்டுப் புத்தகம் ஒன்று பறந்து போய் ஒரு முடிதிருத்துபவரின் நெற்றியில் விழுந்தது.

"ஜெபிப்போம்" என்று போதகர் கண்களை மூடினார்.

அந்த ஜெபத்தின்போது ஒரு கிட்டார் உடைந்தது. ஒருவர் இன்னொருவரின் காதைக் கடித்தார். ஆர்கன் வாசிப்பவரின் விரல்கள் மேல் அதன் மூடியைச் சாத்தி, அதன் மேல் ஒரு அம்மாள் உட்கார்ந்துகொண்டாள். போதகர் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவரவர் நாற்காலியில் இருந்தார்கள். ரத்தம் வந்தவர்கள் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு அமைதியான பிரசன்னம்!" என்றார் போதகர்.

வரலாறு இதுதான். சபையின் செயலாளர் இரும்புக்கடைக்காரர். பொருளாளர் ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர், செயலாளரின் தங்கையைக் கட்டியவர். செயலாளரின் அப்பா பாடகர் குழுவை நடத்திய காலத்தில் ஆமென்னை இழுத்தார். பொருளாளரின் அப்பா நடத்திய காலத்தில் வெட்டினார். அப்பாக்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் சமாதானமாகப் படுத்திருந்தார்கள். மகன்கள்தான் சபையை இழுப்புக்காரர், வெட்டுக்காரர் என்று இரண்டாகப் பிளந்து வைத்திருந்தார்கள். ஆமென் யார் பக்கமோ, அடுத்த தேர்தலில் சபையும் அவர் பக்கம்.

மறுநாளே செயலாளர் மாஸ்டரைக் கடைக்குக் கூப்பிட்டு வரிசையாகக் கம்பிகளைக் காட்டினார்.

"இது கூரைக்கு. இது தூணுக்கு. இது வளையும், ஆனா உடையாது. மிரட்டறேன்னு நினைச்சுக்காதீங்க மாஸ்டர், மனபாரத்தோட சொல்றேன். ஆமென் நீளமா வரணும்."

மாலையில் பொருளாளர் தன் குளிரறையைச் சுற்றிக் காட்டினார். "இந்தக் கதவு பாருங்க, உள்ளேருந்து திறக்காது. இத ஏன் சொல்றேன்னா... சும்மாதான். ஆமென் சின்னதா இருந்தா நல்லா இருக்கும்."

மாஸ்டர் யோசித்தார். சாலையில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே மஞ்சள் இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை ஆமென்னை இழுக்கவும் விடாமல், வெட்டவும் விடாமல், நடுவாக ஓரிடத்தில் கையை மூடி நிறுத்தினார். அந்தச் சபையின் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டு கட்சிகளும் ஒரே நேரத்தில் ஒருவரை அடித்தன. அவர் மேல் பட்டது ஒரு குடை, ஒரு செருப்பு, டிரம்மிலிருந்து கழற்றிய ஒரு பித்தளைத் தட்டு. தட்டு தோளைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி ரீங்காரமிட்டது. அதன் நாதம் ஓய்ந்ததும் போதகர் அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்.

அந்த வாரம் செயற்குழு கூடியது. சண்டையை நிறுத்தத்தான் கூட்டியிருக்கிறார்கள் என்று மாஸ்டர் நம்பிப் போனார். கெட்டி அட்டைப் புத்தகங்களை எடுத்துவிட்டு மெல்லிய அட்டைப் புத்தகங்கள் வாங்குவது, பித்தளைத் தட்டுகளின் விளிம்பில் ரப்பர் ஒட்டுவது, முதலுதவிப் பெட்டியைப் பிரசங்க மேடைக்குப் பக்கத்திலேயே வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

"அடிக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போட்டா என்னங்க?" என்று மாஸ்டர் கேட்டார்.

ஏதோ அசிங்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். போதகர்தான் பரிவோடு பேசினார்.

"தம்பி புதுசு. நம்ம சபையில சண்டையே கிடையாது தம்பி. இருக்கறது உற்சாகம். உற்சாகத்துல ஒரு கை நீளும். நீண்ட கைக்கு முன்னால ஒரு மூக்கு இருக்கும். தப்பு கையோடதா மூக்கோடதான்னு தீர்ப்பு சொல்ல நாம யாரு? நான் இத்தனை வருஷமா இங்க ஊழியம் பண்றேன். ஒரு அடிகூட என் கண்ணால பாத்ததில்ல. ஏன்னா, அந்த நேரமெல்லாம் நான் ஜெபத்துல இருப்பேன்."

எல்லோரும் தலையசைத்தார்கள். தீர்மானத்தில் கையெழுத்துப் போடப் பொருளாளர் பேனா கேட்டார். செயலாளர் அதைத் தொடையில் கொடுத்தார். மூடியைக் கழற்றித்தான் கொடுத்தார்.

திங்கட்கிழமைகளில் மருந்துக்கடையில் பஞ்சும் கட்டுத்துணியும் நிற்கவில்லை. வாங்க வந்த எல்லோரும் வாசற்படியில் தவறியவர்கள். மாஸ்டரின் மனைவி ஒரு வாரம் பொறுத்தாள், இரண்டாம் வாரமும் பொறுத்தாள்.

"போதும்ங்க. வேற சபைக்குப் போயிடலாம். எனக்கு வாசிக்கவே வேண்டாம்."

"இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்றார் அவர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே சரியாகப் புரியவில்லை. அவர் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். வண்டியில் அவர் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை. வீட்டுக் கண்ணாடி முன்னால் கையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அது உள்ளே போயிருந்தது.

அந்த ஞாயிறு சபையார் தயாராக வந்திருந்தார்கள். ஒரு குடும்பம் முழுக்க ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தது. வெயில் காலத்தில் இத்தனை குடைகள் எதற்கு என்று வரவேற்பில் நின்றவர்கூடக் கேட்கவில்லை. பாட்டு ஆரம்பித்தது. மனைவி வாசித்தாள். கடைசி அடிக்கு வந்தபோது மாஸ்டர் கையைத் தூக்கினார். ஆமென் வந்தது. பாதி நின்றது. பாதி நீண்டது.

பொருளாளர் எழுந்து இழுப்புக்காரர்களின் முன்வரிசைமேல் அப்படியே விழுந்தார். நாற்காலிகள் பறந்தன. ஹெல்மெட் போட்ட பெண்மணி தன் ஹெல்மெட்டாலேயே ஒருவரின் மூக்கை உடைத்தாள். செயலாளர் மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி, அதன் கனமான அடிப்பாகத்தை மேலே திருப்பி, மச்சானின் தலைக்குக் குறிவைத்துச் சுழற்றினார். மச்சான் பழக்கப்பட்டவர், குனிந்துகொண்டார். ஸ்டாண்ட் கீபோர்டின் பக்கம் போயிற்று. முகத்தை மறைக்க மனைவி தூக்கிய இடது கையில் அது இறங்கியது.

எலும்பு உடையும் சத்தத்தை மாஸ்டர் கேட்டார். அவருடைய வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

ஆர்கனுக்கு முன்னால் கிடந்த ஸ்டூலைத் தூக்கி அவர் செயலாளரின் முகத்தில் அடித்தார். செயலாளர் விழுந்தார். விழுந்தவரை மறுபடியும் அடித்தார். ஸ்டூலின் கால் கழன்று போனதும் அதைப் போட்டுவிட்டு முஷ்டியால் அடித்தார். பல்லில் பட்டு அவருடைய விரல் முட்டிகள் கிழிந்தன. அது வலிக்கவில்லை. சொல்லப்போனால் நன்றாக இருந்தது. இத்தனை வருடமும் லாரிகளுக்கு முன்னால் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்ததற்கெல்லாம் யாரோ இப்போதுதான் கணக்குத் தீர்ப்பது போலிருந்தது. மனைவி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் காதில் அது விழ நேரமாயிற்று.

நிமிர்ந்தபோது சண்டை நின்றிருந்தது. இரு கட்சியாரும் அவரையே பார்த்தார்கள். அதுவரை அவர்மேல் காட்டாத ஒரு வாஞ்சை எல்லா முகத்திலும் இருந்தது. போதகர் மட்டும் கண்களை மூடியிருந்தார்.

மருத்துவமனையில் செயலாளரையும் மாஸ்டரின் மனைவியையும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் கிடத்தினார்கள். தாடை உடைந்த செயலாளரால் பேச முடியவில்லை. "என்ன ஆச்சு?" என்று டாக்டர் கேட்டதற்கு, இரண்டு விரல்களைக் காற்றில் நடக்கவிட்டு, சட்டென்று கவிழ்த்துக் காட்டினார். பிறகு கட்டிலோரம் நின்ற மாஸ்டரின் கையைப் பிடித்து மரியாதையாக ஒரு முறை அழுத்தினார்.

"உங்களுக்கு?" என்று டாக்டர் மனைவியிடம் திரும்பினார்.

அவள் கணவனின் சட்டையைப் பார்த்தாள். அதில் இருந்த ரத்தம் அவளுடையதும் அல்ல, அவருடையதும் அல்ல.

"வாசப்படியில விழுந்துட்டேன்" என்றாள்.

"அந்தப் படியை இடிச்சுத் தொலைக்கக் கூடாதா உங்க ஆளுங்க?" என்று சலித்துக்கொண்டு டாக்டர் மாவுக்கட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் போதகரும் பொருளாளரும் ஒரு டப்பா பிஸ்கட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள்.

"இத்தனை நாள் உங்களை வெளியாள்னு நினைச்சுட்டோம் மாஸ்டர், மன்னிச்சுக்குங்க" என்றார் பொருளாளர். "இப்பதான் நீங்க நம்ம ஆளு. ரெண்டு தரப்பும் பேசி முடிச்சாச்சு. அடுத்த செயலாளர் நீங்கதான். எங்க மச்சானே தலையாட்டிட்டார்."

"தலைமைக்கு ஒரு தகுதி வேணும் தம்பி" என்றார் போதகர். "அது படிப்புல வராது, பக்தியில வராது. நான் ஜெபத்துல இருந்ததால எதையும் பாக்கல. ஆனா சத்தம் கேட்டேன். அந்தச் சத்தத்துல ஒரு அதிகாரம் இருந்தது."

மாஸ்டர் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று வந்தது.

அவர்கள் போன பிறகு உள்ளே போனார். மனைவி ஒற்றைக் கையால் பெட்டியில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். ஜிப் மூட வரவில்லை. அவர் குனிந்து மூடிக்கொடுத்தார். அப்புறம்தான் எதை மூடிக்கொடுத்தோம் என்று உறைத்தது.

"எங்க போற?"

"அக்கா வீட்டுக்கு." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "என் கையை உடைச்சது யாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஸ்டூலைத் தூக்கினது யாருன்னுதான் தெரியல. நான் கட்டிக்கிட்ட ஆள் இல்ல அது. யோசிச்சுச் சொல்றாராம்!"

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். ஒரு நடுவயதுப் பெண், வங்கியில் வேலை பார்ப்பவள், வண்டியை ஓட்டினாள். முச்சந்தியில் கிளட்சை விட்டுவிட்டாள். வண்டி துள்ளி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்தவள், சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஏன் மூடுகிறாள் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு தன் வலது கை தலைக்கு மேல் ஓங்கியிருப்பதைக் கண்டார்.

கையை இறக்குவதற்குப் பெரும்பாடுபட்டார். மன்னிப்புக் கேட்டு, அவளை ஓரமாக இறக்கி ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிட்டு, நேராகக் காவல் நிலையத்துக்கு வண்டியை விட்டார்.

"யார் மேல புகார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு பேர் மேலங்க. ஒருத்தர் எங்க சபைச் செயலாளர். இன்னொருத்தன் நான்."

இன்ஸ்பெக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். ஆமென் என்ற இடம் வந்ததும் இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். மனைவியின் வாக்குமூலமும் வேண்டும் என்று அவளுக்குப் போன் போட்டார்.

சேதி எப்படிப் போயிற்றோ, மனைவி வருவதற்குள் சபை வந்துவிட்டது. இழுப்புக்காரரும் வெட்டுக்காரரும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். அது யாரும் காணாத காட்சி. தாடைக்குக் கம்பி கட்டிய செயலாளரை மச்சானே கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். சபையின் மானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த துரோகியை எல்லோரும் ஒரே முறைப்பாக முறைத்தார்கள்.

"ஐயா, எங்க சபையில கை ஓங்கின சரித்திரமே கிடையாது" என்று போதகர் தொடங்கினார். "எங்களுக்குள்ள ஒரே இருதயம், ஒரே மனசு. இந்தத் தம்பிக்கு மனநிலை சரியில்ல. இங்க யாருக்காவது யார் மேலயாவது புகார் இருக்கா?"

"இல்லை" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாஸ்டர் அவர்களிடமிருந்து எத்தனையோ ஒத்திகைகளில் வாங்க முடியாத ஒற்றுமை அது.

இன்ஸ்பெக்டருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்து மாஸ்டரைப் பார்த்தார். போதகர் அந்த அளவில் நிறுத்தியிருக்கலாம். வெற்றி கண்ணுக்குத் தெரிந்ததும் அவருக்கு நன்றி பொங்கிவிட்டது.

"ஜெபிப்போம்" என்று கண்களை மூடினார். நிலையத்துக்காகவும், இன்ஸ்பெக்டரின் பதவி உயர்வுக்காகவும் உருக்கமாக வேண்டினார். ஏட்டுகள்கூடத் தொப்பியைக் கழற்றினார்கள். ஜெபம் முடிந்தது. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

பாதிப் பேர் வெடுக்கென்று நிறுத்தினார்கள். செயலாளரால் வாயைத் திறக்க முடியவில்லை. ஆனால் மூக்கு இருந்தது. "ம்ம்ம்ம்ம்" என்று கண்ணில் நீர் வர அவர் இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

மச்சான் ஒரு கணம்தான் பொறுத்தார். பிறகு கைத்தாங்கலாகப் பிடித்திருந்த அதே கையால் அந்தக் கட்டின் மேலேயே குத்தினார். அவ்வளவுதான். பெஞ்சு கவிழ்ந்தது, அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. தடுக்கப் போன ஏட்டின் பல் ஒன்று தரையில் ஓடியது. ஒரு அம்மாள் ஏட்டின் லத்தியையே பிடுங்கிக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் நெற்றியில் டீ டம்ளர் பட்டது. "கதவை மூடு! ஒருத்தனையும் விடாதே!" என்று அவர் அலறினார். எல்லோரையும் லாக்கப்பில் திணித்த பிறகும் உள்ளே அடி விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடு அறையில் போதகர் மட்டும் கண்ணை மூடி நின்றார். அவரையும் தோளைப் பிடித்து அப்படியே உள்ளே நடத்திப் போனார்கள்.

மனைவி அக்காவோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது ஏட்டு தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் நிமிர்த்தி வைத்த பெஞ்சில் தனியாக இருந்தார். அவள் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"செயலாளரைப் பத்திச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"உங்களைப் பத்தி?"

"என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"என்ன பண்ணுவாங்களாம்?"

"கேஸ் வரும். லைசென்ஸ் போகும். கொஞ்ச நாள் உள்ள இருக்கணும்போல." அவர் லாக்கப்பைப் பார்த்தார். "இவங்களோட போடாம இருந்தா சரி."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் நகர்ந்து பக்கத்தில் வந்தாள். "வலது கையைக் காட்டுங்க" என்றாள். விரல் முட்டிகள் ஆறாமல் வீங்கிக் கிடந்தன.

"மருந்து போட்டீங்களா?"

"இல்ல."

கைப்பையை அவர் மடியில் வைத்து, "திறங்க" என்றாள். அவர் திறந்து, களிம்பைத் தேடி எடுத்து, மூடியைத் திருகிக் கொடுத்தார். மாவுக்கட்டுக் கையை அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நல்ல கையால் ஒவ்வொரு முட்டியாகத் தடவினாள். எரிந்தது. அவர் விரல்களை மடக்கினார்.

"மருந்து உள்ள இறங்கற வரைக்கும்" என்றாள், "கையை மூடாதீங்க."